ஸ்டெல்லாவைக் கூட்டிவரப் போனேன்

பிள்ளைகளா, நான் ஜெர்மனிக்குப் போய் வந்ததை உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கம்பத்திலிருந்து மலை மெட்டு ஏறி, மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். உங்களில் பாதிப் பேருடைய அம்மாமார் என் வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வண்டியில் வைத்து எனக்குச் சொல்லிவிடுவார்கள்.

என் மகள் ஸ்டெல்லாவும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். பிறகு மதுரையில் இன்ஜினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். அதையும் முடித்தாள். அங்கே படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, வேலை தேடிக்கொள்ள ஒன்றரை வருஷம் தங்க அனுமதி தருகிறார்கள். அதற்குள் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்து, கம்பெனிக்காரர் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் மேற்கொண்டு இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஸ்டெல்லா ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கெடு முடியப்போகும் நேரத்தில் அந்தக் கம்பெனியே ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டது. இவள் கையெழுத்துப் போடவில்லை. "அப்பா, ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் போனில் சொன்னாள்.

என் வீட்டுக்காரி லூர்து அதை ஒரே நிமிஷத்தில் முடிவு கட்டிவிட்டாள்.

"கையெழுத்துப் போடலைன்னா என்ன அர்த்தம்? வரத்தான் மனசு இருக்கு. சொல்லக் கூச்சப்படுறா. போயி கூட்டிட்டு வந்துருங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவள் இருந்த அறைக்கு வெள்ளையடிக்க அன்றைக்கே ஆள் சொல்லிவிட்டாள் லூர்து.

ஜீப் ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. என் வண்டியை நான் வரும்வரை ஓட்ட ஒத்துக்கொண்ட பாண்டிதான் முதலில் ஆரம்பித்தான்.

"மெட்டு ஏறவே முக்குற ஆளு, ஜெர்மனி ஏறப் போறாக!"

"ஏலே, அங்கன ரோட்டுல வலது பக்கம்தான் ஓட்டணுமாம்ல" என்றான் இன்னொரு டிரைவர்.

"அவருக்கு அது கஷ்டமா? இங்கனயே அப்படித்தான ஓட்டுறாக!"

இந்த வழியனுப்புதலோடு நான் கிளம்பினேன்.

மியூனிக் ஏர்போர்ட்டில் ஸ்டெல்லா நின்றாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். வெயிலே இல்லாத நாட்டில் எப்படிக் கறுத்தாய் என்று கேட்டேன். "தோட்டத்துல நிக்கிறேன்ல" என்றாள். இன்ஜினியருக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

அங்கிருந்து அவள் ஊருக்கு ரயில். ரயில் நம் ஊர் பஸ்ஸைவிடச் சுத்தம். யாரும் பேசவில்லை. நான் "ஏத்தா" என்று கூப்பிட்டதற்கே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. ஸ்டெல்லா போனில் யாரோடோ ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றால் இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பது என் பழக்கம். இறங்கி ஒரு நடை நடந்தேன். மணி அடித்தது. பக்கத்தில் இருந்த கதவில் ஏறிக்கொண்டேன், உள்ளேயே நடந்து போய்விடலாம் என்று.

பிள்ளைகளா, அந்த ஊர் ரயில் சில சமயம் நடுவழியில் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். அதற்காகத்தான் அந்த ஸ்டேஷனில் நின்றிருக்கிறது. முன்பாதி என் மகளையும் என் பையையும் ஏற்றிக்கொண்டு என் கண் முன்னாலேயே போய்விட்டது. அப்புறம் பின்பாதி என்னை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

நான் ஜன்னலைத் தட்டியதைப் பார்த்து, எதிரே நாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்தவர். சட்டைப் பையில் லூர்து மடித்து வைத்திருந்த தாளைக் காட்டினேன். அதில் ஸ்டெல்லாவின் நம்பர் இருந்தது. அவர் தன் போனில் கூப்பிட்டுப் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள்: "உங்கள் தகப்பனார் என்னிடம் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். என் நாய்க்கு அவரைப் பிடித்திருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உட்கார்ந்திருப்போம்."

அவர் தன் ஊருக்குப் போகாமல் என்னோடு இறங்கி, ஸ்டெல்லா வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் சட்டைப் பையில் இருந்தது இரண்டு முறுக்கு. ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். அவர் பாதியை நாய்க்குக் கொடுத்தார். நாய் அதைக் கடித்த சத்தத்துக்கு அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

ஸ்டெல்லா ஓடிவந்து, முதலில் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இத்தன வருசமா மலையில ஜீப் ஓட்டுறீக. ஒரு ரயில்ல ஒழுங்கா உக்கார முடியலையா?"

"அத நான் ஓட்டலையே ஆத்தா. நான் ஓட்டியிருந்தா ரெண்டா போயிருக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது பழைய ஸ்டெல்லாதான்.

அவள் இருந்தது ஒரு சின்ன ஊர். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பந்தல். நம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் பார்த்திருக்கிறீர்கள். தலை இடிக்காமல் குனிந்து போவோம். இது அப்படி இல்லை. தென்னை உயரத்துக்குக் கம்பங்கள். மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி. அதிலிருந்து கீழே விட்ட ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கொடி சுற்றிச் சுற்றி உச்சிவரை ஏறி நிற்கிறது. கொடி முழுக்கப் பச்சைப் பூங்கொத்து, சிறுவிரல் நுனி அளவில். ஹாப் என்று பெயர். பீர் என்கிற பானத்துக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது இந்தப் பூதான். பள்ளி மலர் என்பதால் பீரைப் பற்றி அதற்கு மேல் வேண்டாம்.

பூவைக் கசக்கினால் வேப்பம்பூவும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தது போல ஒரு வாசம். அங்கே இருந்த நாளெல்லாம் என் சட்டையில் அந்த வாசம் போகவில்லை.

பறித்த பூவை அன்றைக்கே உலர்த்த வேண்டும். நம் ஏலக்காயைப் பச்சையாக வைத்தால் கெடுகிற மாதிரிதான். ஸ்டெல்லாவின் கம்பெனி இந்த உலர்த்தும் இயந்திரங்களைச் செய்கிறது. முதலாளி வீட்டின் பின்னால் பட்டறை. அதற்குப் பின்னால் அவருடைய சொந்த ஹாப் தோட்டம். எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று, எப்போது நிறுத்துவது என்று இயந்திரமே பார்த்துக்கொள்ளும்படி செய்வது ஸ்டெல்லாவின் வேலை. அவள் கறுத்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

உலர்த்தும் கொட்டகையில் நான் ஒரு கை பூவை அள்ளி நசுக்கிப் பார்த்தேன். சருகு மாதிரி நொறுங்கியது. "காஞ்சிருச்சு, எடுக்கச் சொல்லு" என்றேன். இத்தனை வருஷம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் நின்ற அனுபவம். ஸ்டெல்லா ஒரு பூவைப் பிளந்து நடுக்காம்பைக் காட்டினாள். வளைந்தது, ஒடியவில்லை. "இதழ் முதல்ல காஞ்சிரும்ப்பா. காம்பு ஈரமாத்தான் இருக்கும். இப்ப மூட்டை கட்டுனா பூசணம்தான்." முதலாளி அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் இருந்ததை மெல்லத் திரும்பப் போட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்தியானம் சூடாகச் சாப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கை மாவாக்கிக் கொழுக்கட்டை மாதிரி உருட்டி, கறிக்குழம்பில் போட்டுத் தருகிறார்கள். உப்பு மட்டும் தெரியும், உறைப்பு கிடையாது. ராத்திரிக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. ரொட்டி, வெண்ணெய், வெள்ளரி ஊறுகாய், அவ்வளவுதான். ரொட்டி கறுப்பாக, கனமாக இருக்கும். கையில் வாங்கும்போது செங்கல் வாங்கியது போல இருந்தது. ஸ்டெல்லா அதில் வெண்ணெய் தடவி, லூர்து கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைத் தூவிச் சாப்பிட்டாள். நானும் அப்படியே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு முறை பேச்சை எடுத்தேன். "அம்மா ஒன் ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கா."

"என்ன கலரு?" என்றாள்.

"ரோஸு."

"ம்" என்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கலரைக் கேட்டாளே, அப்படியானால் வரத்தான் போகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வம்பு. ஸ்டெல்லா வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவின் காரில் ஒரே புழுதி. காலையில் சும்மா இருக்க முடியாமல் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துப் போய்க் கழுவ ஆரம்பித்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அப்புறம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமைங்கிறது உங்க அப்பாவுக்குத் தெரியுமான்னு கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை இங்கன வண்டி கழுவக் கூடாதுப்பா."

"கழுவுறது பாவமா?"

"சட்டம்."

பாதி கழுவிய காரோடு நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் பளபள, மறுபக்கம் புழுதி. திங்கள்கிழமை வரை அது அப்படியே நின்றது.

அன்றைக்குப் பூசைக்குப் போனோம். பெரிய கோயில், உள்ளே கொஞ்சம் பேர். பீடத்தில் நின்ற சாமியார் நம் நிறம். பூசை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது நான் மலையாளத்தில், "அச்சனுக்கு வீடு எவிடயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என் கையை விடவே இல்லை. கட்டப்பனைப் பக்கம். அவர் வீட்டு ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்து ஜீப்பில்தான் ஆள் வரும் என்றார். ஹார்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறதாம். எங்கள் ஜீப்புகளைத் திட்டாத தோட்டக்காரர் மகனை நான் ஜெர்மனியில்தான் பார்த்தேன்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னது இது. "எங்க அம்மச்சியும் கேக்கும், மோனே எப்போ வரும்னு. பிஷப்பைக் கேளுன்னு சொல்லிருவேன். எனக்கு அந்தச் சௌகரியம் உண்டு. உங்க மகளுக்கு அது இல்லல்லோ."

அதன் அர்த்தத்தை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாள் முதலாளியின் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த அறுப்பைப் பார்க்கப் போனேன். கொடியை அடியிலேயே வெட்டி, மேலிருந்து இழுத்து டிராக்டர் டிரெய்லரில் குவிக்கிறார்கள். செய்பவர்கள் ருமேனியா நாட்டு ஆட்கள். சீசனுக்கு வந்து, முடியும்வரை தோட்டத்திலேயே தகரப் பெட்டி போன்ற அறைகளில் தங்குகிறார்கள். டிராக்டர் ஓட்டியவருக்கு என் வயது. டிரைவருக்கு டிரைவர் பேசப் பாஷை வேண்டாம். அவர் என்ஜினைக் காட்டி முகத்தைச் சுளித்தார். நானும் சுளித்தேன். பிறகு ஸ்டெல்லா வந்து இரண்டு பக்கமும் சொன்னாள்.

பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். மகள் இத்தாலியில், மகன் இங்கிலாந்தில், மனைவி இதே தோட்டத்தில் பூப் பிரிக்கும் இயந்திரத்தில் நிற்கிறாள் என்றார்.

"அப்ப வீட்டுல?"

"வீட்டில் வீடு இருக்கிறது" என்றாராம். சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

அறுப்பு முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வாரக் கடைசிக்குள் ஸ்டெல்லா பதில் சொல்ல வேண்டும். நான் செய்ய வேண்டிய ஒரு காரியம் பாக்கி இருந்தது.

எங்கள் ஜீப் லைனில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் அம்மாமாருக்குத் தெரியும். ஒரு தோட்டத்தில் வேலை செய்கிற பிள்ளை வேலையை விட்டு நின்றுகொள்வதாக இருந்தால், மறுநாள் சும்மா போகாமல் இருந்துவிடக் கூடாது. அது மரியாதை இல்லை. கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த டிரைவரோ, வீட்டு ஆளோ மேலே போய், முதலாளி முன்னால் நின்று, "இந்தப் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் இறக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி எத்தனையோ பேரை நான் சொல்லி இறக்கியிருக்கிறேன். சொந்த மகளுக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? "முதலாளியப் பாக்கணும்த்தா" என்றேன். மரியாதைக்குப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போகிற வழியெல்லாம் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதலாளி பெயர் யோசேப்பு. நம் ஊரில் சூசை என்போம். ஆறடி உயரம், நீலச் சட்டை, கையெல்லாம் கிரீஸ். கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த ஏலக்காயைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். ஒன்றை உரித்துப் பார்த்து, எத்தனை டிகிரி சூட்டில் உலர்த்துவீர்கள் என்று கேட்டார். ஸ்டெல்லா பதில் சொன்னாள். பக்கத்தில் உலர்த்தியின் பெரிய காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ருமேனியக்காரரின் டிராக்டர் லோடோடு வந்து நின்றது.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு, மேலே தோட்டத்தில் சொல்வது போலவே சொன்னேன்.

"முதலாளி, என் மகள இம்புட்டு நாளு நல்லபடியா வச்சிருந்தீக. சந்தோசம். இப்ப நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க மனசு வச்சு அனுப்பணும்."

ஸ்டெல்லா ஜெர்மனில் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"சொல்லுத்தா."

"என்னப்பா சொல்றீக?"

"நீ சொல்லு. அந்த வார்த்தைக்கு ஜெர்மன்ல வார்த்த இல்லையா?"

"இருக்கு" என்றாள்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டிருப்பார் போல. ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் கம்பம் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் வழக்கத்தையும் சேர்த்து விளக்கியிருக்கிறாள்.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. கொஞ்சம் யோசித்து, என்னைப் பார்த்தே பேசினார். மெதுவாகப் பேசினார், மெதுவாகப் பேசினால் எனக்குப் புரிந்துவிடும் என்பது போல. முடிந்ததும் ஸ்டெல்லா தமிழில் சொன்னாள்.

"நீங்க இவ்வளவு தூரம் வந்து முறையாக் கேட்டதுக்கு மரியாதை சொல்றாராம். ஆனா அனுப்புறதுக்கும் வச்சுக்கிறதுக்கும் தன்கிட்ட அதிகாரம் எதுவும் இல்லையாம். வேலை இருக்குன்னுதான் அவரால சொல்ல முடியுமாம்."

"அப்ப யார்கிட்ட கேக்கணுமாம்?"

ஸ்டெல்லாவின் குரல் இறங்கிவிட்டது. "என்கிட்ட."

பிள்ளைகளா, நான் ஊரிலிருந்து கிளம்பி அங்கே வந்து, அவளோடு உட்கார்ந்து ரொட்டி தின்று, கோயிலுக்குப் போய், தோட்டம் பார்த்து, இத்தனையும் செய்தேன். வருகிறாயா என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. லூர்து கேட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் கேட்பேன் என்று லூர்து நினைத்திருக்கலாம். மகள் மனதில் இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று இருவருமே இருந்துவிட்டோம்.

முதலாளி சாவி எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டார். அது நல்லதாகப் போயிற்று.

"சரித்தா. கேக்குறேன். வர்றியா, இருக்கியா?"

வாசலில் லோடு இறக்க ஆரம்பித்தார்கள். கொடி கொடியாக எடுத்து இயந்திரக் கொக்கியில் மாட்டினார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை என் சட்டைக் கையைப் பிடித்தாள், விட்டாள். அம்மா எதிர்பார்க்கிறாள் என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. டிரெய்லர் காலியாகி, டிராக்டர் பின்னால் நகர்ந்து வாசலைத் தாண்டிப் போனது.

"இருக்கேன்ப்பா" என்றாள்.

"சரி."

"போன வருசம் நான் செஞ்ச டிரையர் ரெண்டு இப்ப ஓடுது. இந்த வருசம் செஞ்சது அடுத்த சீசன்லதான் தெரியும். ஓடுதா, பூவக் கருக்குதான்னு பாக்கணும். விட்டுட்டு வந்தா என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கும்."

"சரித்தா, அதான் சரின்னுட்டேன்ல. இத மொதல்லயே போன்ல சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு வந்து பாருங்கன்ன?"

"நான் சொன்னா அம்மா அழுவாக. நீங்க பாத்துட்டுப் போயிச் சொன்னா, கேப்பாக."

"அப்ப ஆளு சேத்துவிட வந்தவன் நான்தான். இறக்கிட்டுப் போக இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலர்த்தியின் கதவைத் திறந்து உள்ளே பார்க்கப் போய்விட்டாள். வேலை நேரம் அல்லவா.

லூர்துவுக்குப் போன் செய்வது என் பொறுப்பு. வீட்டுக்கு வந்ததும் செய்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, கெளம்பிட்டாளா?"

"இல்ல. இருக்கேங்கிறா."

"உங்கள எதுக்கு அனுப்புனேன்?"

"கூட்டிட்டு வர."

"என்ன செஞ்சீக?"

"கேட்டேன்."

"கேக்கவா சொன்னேன்?"

பதில் சொல்லும் முன் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஸ்டெல்லா கூப்பிட்டாள், அதையும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டு, ஸ்டெல்லாவிடம் மட்டும் பேசினாள். எனக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். "ஆமாம்மா... இல்லம்மா... கிறிஸ்மஸுக்கு வருவேன்... கண்டிப்பா... ரோஸ் கலரு நல்லாத்தான் இருக்கும்மா."

வாரக் கடைசியில் ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். பட்டறை மேசையில் ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டுப் போட்டாள். முதலாளி வீட்டம்மா பிளம்ஸ் பழத்தை வரிசையாக அடுக்கிச் சுட்ட தட்டை கேக் கொண்டுவந்தார். புளிப்பு. காப்பியோடு நன்றாக இருந்தது. முதலாளி காப்பியில் என் ஏலக்காய் ஒன்றை முழுசாகப் போட்டுக் குடித்து, கடைசியில் அதையும் கடித்துத் தின்றுவிட்டார். அப்போது என்ன முகம் காட்டினார் என்பதை எழுதினால் அவருக்கு மரியாதை இல்லை.

ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போகும்போது ஸ்டெல்லா என்னை நடுவில் எங்கும் இறங்க விடவில்லை.

மதுரையில் இறங்கி வெளியே வந்தேன். பாண்டி என் ஜீப்பையே கொண்டுவந்திருந்தான். பக்கத்தில் லூர்து நின்றாள். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் என் பையை வாங்கிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லா வரவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். என்னோடு விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, "வண்டிய எடுங்க" என்றாள்.

பாண்டி பின்னால் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் ஓட்டினேன். முதல் வளைவிலேயே கை தானாக வலது பக்கம் போனது. எதிரே வந்த லாரிக்காரர் என்னைத் திட்டினார். லூர்து அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. செக்கானூரணி போனது. உசிலம்பட்டி போனது.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது கேட்டாள்.

"நீங்க கேட்டதும் சட்டுனு சொல்லிட்டாளா?"

"இல்ல."

"பெறகு?"

"ஒரு டிராக்டர் லோடு முழுசும் இறக்குறவரைக்கும் நின்னா. வண்டி திரும்பிப் போன பெறகுதான் சொன்னா."

"அம்புட்டு நேரமா?"

"அம்புட்டு நேரம்."

இறக்கம் தொடங்கியது. கியரை மாற்றினேன். லூர்து சேலைத் தலைப்பை இழுத்துக் காற்றில் பறக்காமல் மடியில் செருகிக்கொண்டாள்.

"அப்பச் சரி" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஒரு கடையப் பாத்து நிப்பாட்டுங்க. நேத்துல இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.